வைப்ராட்டோ பழகுவது எப்படி: முதலில் வயலினில், பிறகு குரலில்

ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தியபடியே அதன் சுருதியை மிகச் சிறிதளவு மேலும் கீழுமாகச் சீராக அசைப்பதுதான் வைப்ராட்டோ. மேற்கத்திய வயலினில் நீண்ட ஸ்வரங்கள் மினுமினுப்பதும், ஆப்பரா பாடகரின் குரல் நிற்கும் இடத்தில் அலைபோலத் ததும்புவதும் இதனால்தான். அசைவின் வேகம் பெரும்பாலும் நொடிக்கு 5 முதல் 7 சுற்று. அகலம் மட்டும் ஆளுக்கு ஆள், வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும். ஹார்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அதை அடுத்த கட்டைக்கும், கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து, உள்ள இடைவெளியை 100 சென்ட் என்று அளப்பார்கள். வயலின் வைப்ராட்டோ மையத்திலிருந்து இருபக்கமும் ஏறத்தாழ 15 முதல் 30 சென்ட் நகரும். பயிற்சி பெற்ற ஆப்பரா குரலில் அது 50 சென்டைத் தாண்டிப் போகும்.

ட்ரெமோலோ என்பது வேறு. அங்கே சுருதி அசைவதில்லை, ஒலியின் பலம்தான் கூடிக் குறைகிறது. 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் சுருதியை மாற்றும் கைப்பிடிக்கே ட்ரெமோலோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் குழப்பம் இன்றும் தீரவில்லை. பாடங்களைத் தேடும்போது பெயரை நம்பாமல், எது அசைகிறது என்று பாருங்கள்.

கம்பிதம் பழகிய கைகளுக்கு ஒரு வார்த்தை

கர்நாடக இசை கற்றவருக்கு ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கம்பிதம் என்ற கமகம் உடனே நினைவுக்கு வரும். இரண்டும் காதுக்குச் சில இடங்களில் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேலை வேறு. வைப்ராட்டோ ஒரே ஸ்வரத்துக்குள் நடக்கிறது. எடுத்துவிட்டாலும் மெட்டு அப்படியே இருக்கும். கம்பிதம் பெரும்பாலும் ஒரு ஸ்வரஸ்தானத்திலிருந்து பக்கத்து ஸ்தானம்வரை போய்வருகிறது. எடுத்துவிட்டால் ராகமே போய்விடும். தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடுவதால்தான் அது தோடியின் காந்தாரம். அதை நேராக நிறுத்தி மேலே ஒரு வைப்ராட்டோவைப் பூசினால் தோடி வராது. கம்பிதத்தின் வேகமும் காலப்பிரமாணத்தோடு இணைந்து நடப்பது. வைப்ராட்டோ தாளத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

இன்னொன்று, ஸட்ஜமும் பஞ்சமமும் அசையா ஸ்வரங்கள். வைப்ராட்டோ கைக்கு வந்த புதிதில் மாணவர்கள் முதலில் ஆட்டத் தொடங்குவது சங்கதியின் முடிவில் வந்து நிற்கும் ஸட்ஜத்தைத்தான். தம்புரா நேராக ஒலிக்கும்போது அது உறுத்தும். இரண்டு முறையையும் ஒரே காலத்தில் பழகுகிறவர்கள் பயிற்சி நேரத்தையாவது பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிக்கும் விதத்திலும் வேறுபாடு உண்டு. தரையில் சம்மணமிட்டு வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்கும்போது இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்கும் பொறுப்பு இல்லை. அதனால்தான் ஜாருவும் (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்வது) கமகமும் அவ்வளவு தாராளமாக வருகின்றன. இனி வரும் படிகள் தோளில் வைத்து மேற்கத்திய முறையில் வாசிப்பவருக்கு எழுதப்பட்டவை.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

வைப்ராட்டோ பிசகிய சுருதியை மறைக்கும் என்ற எண்ணத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். மறைக்காது. மையம் தவறாக இருந்தால் அந்தத் தவறைச் சுற்றித்தான் அலை அடிக்கும். ஆகவே இடது கை வயலினின் தலைப்பக்கம் இருக்கும் முதல் பொசிஷனில் ஜி மேஜர் ஸ்கேலை இரண்டு ஸ்தாயிக்கு, மெட்ரோனோமை 60இல் (நிமிடத்துக்கு 60 அடி) வைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் நான்கு எண்ணிக்கை இழுத்து வாசியுங்கள். சுருதி காட்டும் ட்யூனரின் முள் நடுவிலிருந்து பத்து சென்டுக்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் இன்னும் இரண்டு மாதம் ஸ்கேல்தான் பாடம்.

அடுத்து, இடது கையை முழுவதும் எடுத்துவிட்டு, தாடைக்கும் தோளுக்கும் நடுவே வயலின் முப்பது நொடி நிற்கிறதா என்று பாருங்கள். வழுக்கினால் வயலினுக்கு அடியில் தோளில் பொருந்தும் ஷோல்டர் ரெஸ்டின் உயரம் சரியில்லை. இதைத் திருத்தாமல் போனால் கை வயலினைத் தாங்கிக்கொண்டே இருக்கும், தாங்குகிற கை அசையாது.

மூன்றாவது கட்டைவிரல். ஒரு நீண்ட ஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரலால் வயலினின் கழுத்தை மெல்லத் தட்டுங்கள். தட்ட முடிந்தால் பிடி தளர்ந்திருக்கிறது. முடியவில்லை என்றால் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். இடது கை நகங்களையும் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். நகம் தடுத்தால் விரல் நுனி உருளாது.

வயலினில் படிப்படியாக

முதல் படிக்கு வயலினே தேவையில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் கால்வாசி அரிசி போட்டு மூடுங்கள். இடது கையை வயலின் பிடிக்கும் உயரத்துக்குத் தூக்கி, டப்பாவை லேசாகப் பிடித்து, முகத்தை நோக்கியும் விலகியும் அசையுங்கள். அரிசி இரண்டு பக்கமும் ஒரே சீராக “சக் சக்” என்று விழ வேண்டும். ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் மந்தமாகவும் விழுந்தால் கையில் எங்கோ இறுக்கம் இருக்கிறது. பக்கவாட்டில் கதவின் கைப்பிடியைத் திருகுவதுபோன்ற அசைவு வரக்கூடாது. புதியவர்களுக்கு இதுதான் அடிக்கடி வருகிறது. தினம் இரண்டு நிமிடம், ஒரு வாரம் போதும்.

இந்த வாரத்திலேயே உங்கள் கை எந்த வகை என்பதும் தெரிந்துவிடும். முழங்கையிலிருந்து முன்கை முழுவதும் போய்வந்தால் அது கை வைப்ராட்டோ. மணிக்கட்டு மட்டும் மடங்கி நிமிர்ந்தால் மணிக்கட்டு வைப்ராட்டோ. இரண்டில் எது சிறந்தது என்ற விவாதம் முடியாதது. டப்பாவோடு எது தானாக வருகிறதோ அதிலிருந்து தொடங்குவதே நல்லது, மற்றதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். விரல் கணுவிலிருந்து மட்டும் எழும் மூன்றாவது வகையும் உண்டு. தொடக்கத்தில் அதைத் தொட வேண்டாம்.

இரண்டாம் படியில் வயலினைத் தோளில் வையுங்கள், வில் வேண்டாம். இரண்டாம் விரலை (வயலினில் ஆள்காட்டி விரல்தான் முதல் விரல், ஆகவே நடுவிரல்) ஏ தந்தியின்மேல் அழுத்தாமல், தூசி துடைப்பதுபோல் வைத்து, பிரடைப் (தந்தியை முறுக்கும் ஆணி) பக்கமும் குதிரைப் (தந்தியைத் தாங்கும் மரத்துண்டு) பக்கமுமாக ஐந்து சென்டிமீட்டர் தூரம் தேயுங்கள். கட்டைவிரல் நகராமல் ஒரே இடத்தில் தொட்டுக்கொண்டிருக்கட்டும். ஆள்காட்டி விரலின் அடிக்கணு கழுத்தை விட்டு ஒரு காகிதம் நுழையும் அளவு விலகியிருக்கட்டும். அந்தக் கணு ஒட்டிக்கொண்டிருந்தால் கை இரண்டு இடத்தில் பூட்டப்பட்டுவிடும். சில நாட்களில் ஐந்து சென்டிமீட்டரை மூன்றாக, இரண்டாக, ஒன்றாகக் குறையுங்கள்.

மூன்றாம் படி இந்தப் பழக்கத்தின் இதயம். தேய்த்துக்கொண்டிருக்கும் விரலை மெல்ல மெல்ல அழுத்தி, ஓரிடத்தில் நிலைக்க விடுங்கள். கை முன்போலவே போய்வருகிறது, ஆனால் விரல் நுனி நகராமல் அங்கேயே உருள்கிறது. நகத்துக்கு அருகிலுள்ள முதல் கணு நிமிர்ந்து மடங்க வேண்டும். கணு விறைப்பாக இருந்தால் மேசைமேல் விரல் நுனியை ஊன்றி, மறு கையால் அந்தக் கணுவை மெல்ல மடக்கி நிமிர்த்திப் பழகுங்கள்.

எவ்வளவு உருள வேண்டும்? வயலின் தந்தியின் அதிரும் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். ஏ தந்தியில் இரண்டாம் விரல் சி ஷார்ப்பில் இருக்கும்போது 20 சென்ட் என்பது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அதே தந்தியில் ஒரு ஸ்தாயி மேலே போனால் அதே 20 சென்டுக்கு 2 மில்லிமீட்டர்கூட வேண்டியதில்லை. மேல் பொசிஷன்களில் பலருடைய வைப்ராட்டோ திடீரென்று அலறுவதுபோல் ஆவதற்குக் காரணம் இதுதான். கை பழைய அகலத்திலேயே ஆடுகிறது, தந்தியோ குறுகிவிட்டது.

திசையிலும் கவனம் வேண்டும். ஸ்வரத்திலிருந்து முதலில் பிரடைப் பக்கம், அதாவது கீழ்நோக்கிச் சாய்ந்து, பிறகு ஸ்வரத்துக்கே திரும்பி வாருங்கள். புதியவரின் கை பதற்றத்தில் மேலே ஏறத்தான் பார்க்கும். கீழிருந்து திரும்பும் பழக்கம் அதைக் கட்டுக்குள் வைக்கும்.

நான்காம் படியில் எண்ணிக்கை வருகிறது. மெட்ரோனோம் 60. கீழே போய்த் திரும்பினால் ஒரு சுற்று. அடிக்கு ஒரு சுற்று, சீரானதும் இரண்டு, மூன்று, நான்கு. நான்கு வந்த பிறகு சுற்றைக் கூட்டாமல் மெட்ரோனோமைக் கூட்டுங்கள்: 66, 72, 80, 90. எண்பதில் அடிக்கு நான்கு என்றால் நொடிக்கு ஐந்து சுற்றுக்கு மேல் ஆகிவிட்டது. தொண்ணூறில் சரியாக ஆறு. அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாம் விரலுக்கு எளிதில் வரும், பிறகு மூன்றாம் விரல், அதன் பின் முதல் விரல். நான்காம் விரல் கடைசியில்தான் வரும், அதற்கென்று தனியாக ஒரு மாதம் ஒதுக்குவதில் தவறில்லை. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முன்கை எரியத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். களைத்த கை இறுக்கத்தைத்தான் பழகிக்கொள்ளும்.

ஐந்தாம் படியில் வில். இதுவரை இடது கை தனியாக இருந்தது. இப்போது அது ஆடும்போது வலது கையும் கூடவே நடுங்கும், எல்லோருக்கும் நடுங்கும். எட்டு எண்ணிக்கைக்கு ஒரு நீண்ட வில் இழுங்கள். முதல் இரண்டு எண்ணிக்கை அசைவில்லாமல், அடுத்த நான்கு அசைவோடு, கடைசி இரண்டு மறுபடி நேராக. இடது கை தொடங்கும்போதும் நிற்கும்போதும் வில்லின் ஒலி மாறக்கூடாது. இந்த ஒரு பயிற்சி நன்றாக வந்துவிட்டால் மீதி எல்லாம் காலத்தால் வரும்.

ஆறாம் படியில் ஸ்கேல். மெதுவாக, ஒவ்வொரு ஸ்வரத்திலும் வைப்ராட்டோவோடு ஏறி இறங்குங்கள். விரல் மாறும் கணத்தில் அசைவு அறுந்துவிடும். ஒவ்வொரு ஸ்வரமும் நேராகத் தொடங்கி அரை நொடி கழித்துத்தான் ஆடத் தொடங்கும். விரல் ஒன்றை எடுத்து அடுத்ததை வைக்கும்போதும் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், விரல்கள் அந்த ஓட்டத்தில் வந்து இறங்க வேண்டும். இரண்டு ஸ்வரங்களை மட்டும் எடுத்து, முதல் விரலும் இரண்டாம் விரலுமாக மாற்றி மாற்றி வாசிப்பதே இதற்கு மருந்து.

எங்கே பிசகும்

அசைவு வேகமாகவும் ஒடுக்கமாகவும், குளிரில் நடுங்குவதுபோல் வந்தால் அது முன்கைத் தசை விறைத்து உண்டாகும் நடுக்கம், வைப்ராட்டோ அல்ல. வேகத்தை மாற்ற முடியாதது அதன் அடையாளம். நான்காம் படியில் அடிக்கு இரண்டு சுற்றுக்குத் திரும்பிப் போங்கள். வயலினின் தலையே ஆடினால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலின் அடியும் சேர்ந்து கழுத்தைப் பிடித்திருக்கின்றன. தலையைச் சுவரில் ஒரு மெல்லிய துணி வைத்துச் சாய்த்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் ஸ்வரம் வழுக்கிக்கொண்டே போனால் விரல் அழுத்தம் போதவில்லை. ஒலி விட்டுவிட்டு வந்தால் அழுத்தம் கூடியும் குறைந்தும் வருகிறது.

உங்கள் வேகத்தை அளக்க ஒரு எளிய வழி: கைபேசியில் ஐந்து நொடி பதிவு செய்து, பாதி வேகத்தில் போட்டுக் கேளுங்கள். நொடிக்கு ஆறு என்பது மூன்றாகிவிடும், விரல்விட்டு எண்ணலாம். சீரின்மையும் அப்போதுதான் காதில் விழும்.

திறந்த தந்தியில் விரல் இல்லை, அசைக்க முடியாது. தாழ்ந்த ஜி தந்தியைத் திறந்து வாசிக்கும்போது, டி தந்தியில் மூன்றாம் விரலில் உள்ள ஜியை அசைத்தால் ஒத்த அதிர்வால் ஒலிக்குக் கொஞ்சம் உயிர் வரும். பழைய தந்திரம், நன்றாகவே வேலை செய்கிறது.

கைக்கு வந்த பிறகு எங்கே போடுவது என்பது ரசனையின் கேள்வி, காலத்தின் கேள்வியும்கூட. 1751இல் லண்டனில் இத்தாலிய வயலின் கலைஞர் ஜெமினியானி இதை இயன்றவரை அடிக்கடி பயன்படுத்தச் சொன்னார். ஐந்தே ஆண்டுகளில், 1756இல், புகழ்பெற்ற மோட்சார்ட்டின் தந்தையும் வயலின் ஆசிரியருமான லியோபோல்ட் மோட்சார்ட் தீராத காய்ச்சல் கண்டவர்போல ஒவ்வொரு ஸ்வரத்திலும் நடுங்குகிறவர்களைக் கண்டித்து எழுதினார். வேகமான ஸ்வரங்களிலும் விடாமல் வைப்ராட்டோ வைக்கும் பாணி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வயலின் கலைஞர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லரின் பெயரோடு சேர்ந்து பரவியது. ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டின் பாக்கை வாசிக்கும்போது குறைவாகவும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிராம்ஸை வாசிக்கும்போது தாராளமாகவும் வைப்பது இன்றைய பொது வழக்கம். புதியவர் ஒரு மெதுவான பாடலில் நீண்ட ஸ்வரங்களுக்கு மட்டும் பென்சிலால் அலைக்கோடு போட்டுக்கொண்டு, அங்கே மட்டும் அசைத்தால் போதும்.

மற்ற வாத்தியங்கள், சுருக்கமாக

மேற்கத்திய புல்லாங்குழலில் வைப்ராட்டோ மூச்சிலிருந்து வருகிறது. நீண்ட ஸ்வரத்தில் “ஹு-ஹு-ஹு” என்று மூச்சைத் தள்ளி, அதே மெட்ரோனோம் ஏணியில் ஏறுங்கள். அடிக்கு நான்கைத் தாண்டும்போது தனித்தனித் தள்ளல்கள் ஒன்றாகக் கரைந்து அலையாகும். எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி விடுகிறோம், ஆகவே சுருதி மேலே மட்டுமே போகும். ஒவ்வொரு முறையும் முழுக்கத் திரும்பி வராவிட்டால் ஸ்வரம் ஏறியே ஒலிக்கும். கிளாசிகல் கிட்டாரில் வயலின்போலத் தந்தியின் நீளவாக்கில் அசைக்க வேண்டும். ஐந்தாம் ஃபிரெட்டுக்கு மேலேதான் அது நன்றாக எடுக்கும். கீபோர்டில் அசைவைக் கூட்டிக் குறைக்க மாடுலேஷன் வீல் என்ற சக்கரம் இருக்கிறது. வேகத்தை 5.5 அல்லது 6 ஹெர்ட்ஸில் வைத்து, ஸ்வரம் தொடங்கிக் கொஞ்சம் கழித்து வீலைத் தள்ளினால் வயலின் ஒலி இயல்பாக இருக்கும். தொடக்கத்திலிருந்தே ஓடவிட்டால் இயந்திரம் என்று உடனே தெரிந்துவிடும்.

குரலில்

குரலில் கையால் அசைக்க ஒன்றுமில்லை. குரல்நாண்களை இழுத்து நீட்டும் தசை சீராக இறுகித் தளர்வதால் இந்த அலை எழுகிறது. மூச்சின் அழுத்தமும் தொண்டையின் தளர்வும் சமநிலைக்கு வந்தால் தானாகத் தோன்றும். அதனால் பயிற்சி என்பது தடையை விலக்குவதுதான். குழந்தைகளிடமும் குரல் உடையும் பருவத்துப் பையன்களிடமும் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் சுருதியில் மத்யஸ்தாயி பஞ்சமத்தை எடுங்கள். “ஊ” என்று பத்து நொடி, எந்த அசைவும் இல்லாமல், தம்புராவோடு ஒட்டி நிறுத்துங்கள். பத்து நொடி நேராக நிற்காத குரலுக்கு அடுத்த படி இல்லை. பிறகு உதடுகளைத் தளர்த்தி, குழந்தைகள் வண்டி ஓட்டுவதுபோல் “ப்ர்ர்ர்” என்று கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்குங்கள். உதடு நின்றுபோகும் இடத்தில் மூச்சு சீராக இல்லை.

அடுத்து பஞ்சமத்துக்கும் அதன் மேலுள்ள சுத்த தைவதத்துக்கும் நடுவே, மெட்ரோனோம் 60இல், அடிக்கு ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை, நான்குமுறை மாறி மாறிப் பாடுங்கள். நான்கு வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டு “ஆ” என்று பஞ்சமத்தை மட்டும் நினைத்து நிறுத்துங்கள். குரல் சில நேரம் அந்த ஆட்டத்தைச் சிறிதாக்கித் தானே தொடரும். வராவிட்டால் ஒரே மூச்சில் மெல்லத் தொடங்கி ஓங்கி மறுபடி மெலிந்து முடியுங்கள். பலருக்கு ஓங்கிய இடத்துக்குச் சற்றுப் பின்னால், மெலியத் தொடங்கும்போது முதல் அலை எட்டிப் பார்க்கும். வாரக்கணக்கில் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம்.

கண்ணாடியில் பாருங்கள். தாடையோ நாக்கு நுனியோ சேர்ந்து துடித்தால் அது போலி. வயிற்றை உந்தி உந்தி அலையை உண்டாக்குவதும் போலிதான், அதில் சுருதியை விட ஓசைதான் அதிகம் ஏறி இறங்கும். நொடிக்கு ஏழெட்டுக்கு மேல் போய் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் ஒலித்தால் தொண்டை இறுகியிருக்கிறது. ஒலியைக் குறைத்து “ஊ”வுக்குத் திரும்புங்கள். நான்குக்கும் கீழே இறங்கி, அகலமாகத் தள்ளாடினால் தாங்க முடியாத பலத்தில் பாடுகிறீர்கள். ஓசையைக் குறைத்து, சுருதியையும் ஒரு கட்டை இறக்குங்கள். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைக் காட்டுங்கள்.

அலை வந்த பிறகு அதை நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். சேர்ந்திசையில் பத்துப் பேரின் அலைகள் பத்து வேகத்தில் ஓடினால் சுருதி கலங்கிவிடும். ஒரே மூச்சில் நான்கு எண்ணிக்கை நேராக, நான்கு அசைவோடு, நான்கு மறுபடி நேராகப் பாடுங்கள். நேராக்கும் கணத்தில் தொண்டையை இறுக்காமல் ஒலியைச் சற்றுக் குறைத்தால் அலை அடங்கும். முதலில் பஞ்சமத்தில், பிறகு ஒவ்வொரு ஸ்வரமாக மேல் ஸட்ஜம்வரை.